அளவு டேப்பை வைத்துவிட்டு வண்டியடியில் படுத்துப் பாருங்கள்: ஆஃப்ரோடு பயண ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ரோடு இல்லாத கரடுமுரடான பாதைப் பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போது நீங்கள் அனுப்பும் தகுதிப் பட்டியல் கொஞ்ச காலமாக ஒரே அச்சில் வருகிறது. டயர் குறைந்தது 33 இன்ச். லிஃப்ட், அதாவது ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தூக்கும் உயரம், குறைந்தது 3 இன்ச். முன்னால் விஞ்ச், அதாவது கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார். பின் ஆக்சிலில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே சுற்றவைக்கும் லாக்கர் இருந்தால் நல்லது. எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்னார்கல் குழாய் கட்டாயம். இதில் பிரேக்கைப் பற்றி எதுவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பற்றி இல்லை. மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போது கயிற்றை எங்கே மாட்டுவது என்று ஒரு வரிகூட இல்லை. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைத் தட்டிக்கொட்டி ஓட்டிக்கொண்டிருக்கிற ஆள் நான். இதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நுழைவாயிலில் நின்றால், 1941-ல் படைக்குப் போன வில்லிஸ் ஜீப்பையே நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதன் டயர் 6.00-16, குறுகலானது, உயரம் 29 இன்ச்சுக்குள்தான். எஞ்சின் 60 ஹெச்பி. லாக்கர் கிடையாது. சுசுகியின் எல்ஜே10 வண்டி 1970-ல் வந்தபோது அதில் இருந்தது 359 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இன்றைக்குப் பல பைக்குகளின் எஞ்சின் அதைவிடப் பெரிது. 1979-ல் டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவாக வந்தது. முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். இவையெல்லாம் ஏறாத மேடா, இறங்காத பள்ளமா? எடை குறைவு, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் உண்டு, முன்னும் பின்னும் பாடி அதிகம் நீட்டிக்கொண்டிருக்காது. ஓட்டுகிறவர் இறங்கி நடந்துபோய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்து ஏறுவார். அவ்வளவுதான் விஷயம்.

சரி, பழம்பெருமை போதும். ஒரு பயணத்தின் நுழைவாயிலில் நடந்ததைச் சொல்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய பிக்கப் ஒன்று வந்தது. டயர் 31 இன்ச். அதன் சொந்தக்காரர் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்திருந்தார். பிரேக் பைப், ஹோஸ் எல்லாம் புதிது. முன்னும் பின்னும் சேசிஸோடு சேர்த்து போல்ட் போட்ட இழுவைக் கொக்கி. டேப் வைத்து டயரை அளந்தார்கள், "33 இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்து வந்தது 35 இன்ச் டயரில் நின்ற வண்டி. வரிசையில் எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். உள்ளே போனது.

அதன் முன் சக்கரத்துக்குப் பின்னால் நான் குனிந்து பார்த்தேன். வண்டி சமதளத்தில் நிற்கும்போதே பிரேக் ஹோஸ் தொய்வு இல்லாமல் விறைப்பாக இருந்தது. கம்பெனி போட்ட அதே நீள ஹோஸ். வண்டியை மட்டும் தூக்கியிருக்கிறார்கள். ஹோஸின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து பளபளவென்று இருந்தது, அதன் நடுவே உள்ளே இருக்கும் நூல் வலை லேசாகத் தெரிந்தது. டயர் உரசிய இடம். சொன்னேன். "போன தடவையும் இப்படித்தான் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை" என்று பதில் வந்தது. இரண்டாவது தடையில் அந்தச் சக்கரம் பள்ளத்துக்குள் முழுசாகத் தொங்கியது, ஹோஸ் பிடுங்கிக்கொண்டது. முன் பிரேக் மொத்தமும் போய்விட்டது. லோ ரேஞ்சில் முதல் கியரில் இருந்ததால் எஞ்சினே பிடித்துக்கொள்ள, வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. கீழே ஆள் யாரும் இல்லை. அதற்குப் பிறகும் பட்டியலில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

லிஃப்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முழு ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்கை மாற்றி எவ்வளவு தூக்கினாலும் ஆக்சிலின் நடுவே இருக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட மேலே வராது. ஆக்சில் சக்கரத்தோடு இருக்கிறது. மேலே போவது சேசிஸும் பாடியும்தான். கல்லில் முதலில் இடிப்பதோ டிஃபரன்ஷியல். அதைத் தூக்கச் சுலபமான வழி டயரைப் பெரிதாக்குவது, அதிலும் விட்டத்தின் வித்தியாசத்தில் பாதிதான் கிடைக்கும். 29-லிருந்து 33-க்குப் போனால் அடியில் கிடைக்கும் கூடுதல் உயரம் 2 இன்ச். லிஃப்ட் எதற்கென்றால், பெரிய டயர் வீல் ஆர்ச்சில் இடிக்காமல் இருக்க, அப்புறம் மேட்டில் ஏறும்போது வண்டியின் மூக்கும் வயிறும் தட்டாமல் இருக்க. அந்த அளவுக்கு அது வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தேவைக்கு மேல் தூக்கிய ஒவ்வொரு இன்ச்சும் சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். அதற்கு மேல் கூரையில் இரும்பு கேரியர், அதில் ஸ்டெப்னி, இரண்டு டீசல் கேன் என்று ஏற்றிக்கொண்டு வருகிறவர்களையும் நீங்கள் உள்ளே விடுகிறீர்கள்.

டயரைப் பெரிதாக்கியவுடன் வேறு கணக்குகளும் மாறுகின்றன. ஆக்சிலில் இருக்கும் கடைசி கியரான கிரவுன் பினியனின் ரேஷியோ 4.10 இருக்கிற வண்டியில் 29-ஐக் கழற்றி 33 போட்டால் அது ஏறக்குறைய 3.60 மாதிரி வேலை செய்யும். எஞ்சின் திணறும், கிளட்ச் கருகும். மெதுவாக ஊர்ந்து போக வேண்டிய கல் பாதையில் கிளட்ச்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே போவார்கள். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.67 அளவுக்கு ரேஷியோ வேண்டும், கிடைப்பதில் 4.56 அல்லது 4.88 என்று ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 68-ல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கின் பிடி எட்டில் ஒரு பங்கு குறையும், ஏனென்றால் அதே டிரம் அதே டிஸ்க் இப்போது நீளமான நெம்புகோலை எதிர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது; டயரின் எடை வேறு கூடியிருக்கிறது. 33 இன்ச் டயரைக் கட்டாயமாக்கும் நீங்கள் ரேஷியோ மாற்றினாரா, பிரேக்கை என்ன செய்தார் என்று கேட்பதில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பழைய பிக்கப்புகள் பலவற்றில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போகும், அதன் மேல்முனையில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். சுமை ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். சுமை இல்லாமல் சேசிஸ் உயர்ந்து நின்றால் பின் சக்கரம் லாக் ஆகாதபடி குறைக்கும். வண்டியை 3 இன்ச் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், பின்னால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு நினைத்துக்கொண்டிருக்கும். இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் உழைத்துச் சூடாகும். இதைச் சரிசெய்ய ஒரு பிராக்கெட் போதும். சரிசெய்யாதவர்கள்தான் அதிகம்.

ஸ்டியரிங் கதையும் இப்படித்தான். முன் ஆக்சிலை ரேடியஸ் ஆர்ம் என்ற நீளக் கை பிடித்திருக்கும் காயில் ஸ்பிரிங் வண்டிகளைத் தூக்கினால் ஆக்சில் லேசாக உருண்டு, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான கேஸ்டர் கோணம் குறையும். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, ரோட்டில் வண்டி அலையும். ஏற்கெனவே முன் சக்கரங்களை இணைக்கும் டை ராடு முனையிலும் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்டு ராடு புஷ்ஷிலும் பிளே, அதாவது தளர்ச்சி, இருக்கிற பழைய வண்டி என்றால், ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது முன் சக்கரங்கள் இரண்டும் உதற ஆரம்பித்துவிடும். வேகத்தைக் குறைக்காமல் அது நிற்காது. கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டி தரையில் நிற்கட்டும், ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். ஆடுவது கண்ணுக்கே தெரியும், தெரியாவிட்டால் கை வைத்தால் தெரியும்.

தவிர, பழைய பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு உண்மையில் பலன் தருவது உயரம் இல்லை, நெகிழ்வு. பல வருஷம் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்களை மாற்றினாலே போதும், தொங்கவேண்டிய சக்கரம் தொங்கித் தரையைத் தொட ஆரம்பிக்கும். சக்கரம் தரையில் இருந்தால்தான் இழுவை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் தரையில் இருக்கிற மற்றதற்கும் விசை போகாது, லாக்கரின் தேவையே அங்கேதான் வருகிறது. ஆனால் எதிரும்புதிருமாக மடங்குகிற பள்ளத்திலும் நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிற வண்டிக்கு லாக்கர் அவ்வளவு சீக்கிரம் தேவைப்படாது. கடினமான லிஃப்ட் ஸ்பிரிங் போட்ட வண்டி மூன்று காலில் நின்றுகொண்டு லாக்கரைத் தேடும். இதைப் படம் பிடித்தால் மூன்று கால் வண்டிதான் கம்பீரமாகத் தெரியும், அது வேறு விஷயம்.

இப்போது இழுவைக் கொக்கி. நீங்கள் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

சேற்றில் புதைந்த வண்டியை ஸ்னாச் ஸ்ட்ராப் என்ற நீளும் பட்டையைக் கட்டி இழுக்கும்போது அந்தப் பட்டை ஐந்தில் ஒரு பங்கு நீளும், அதாவது 9 மீட்டர் பட்டை ஏறக்குறைய 11 மீட்டராகும். இழுக்கும் வண்டியின் வேகம் முழுவதும் அதற்குள் சேர்ந்து நிற்கிறது. அந்த நேரத்தில் எது பலவீனமோ அது பிய்ந்துகொண்டு பறக்கும். டிரெய்லர் கொளுவும் உருண்டை டோ பால் முறிந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் ஆள் இறந்த சம்பவங்கள் உண்டு. டோ பால் டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது. குலுக்கி இழுப்பதற்குச் செய்தது இல்லை. இன்னொரு பொறி, சேசிஸ் முனையில் வெல்டு செய்திருக்கும் மெல்லிய வளையம். அது கப்பலிலோ டிரக்கிலோ வண்டியை அசையாமல் கட்டிவைக்கப் போட்டது. பார்த்தால் கொக்கி மாட்டச் சொல்கிற மாதிரியே இருக்கும். வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகளை ஒருமுறை பாருங்கள், பலரும் "இங்கே மாட்டுவேன்" என்று கை நீட்டும் இடம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நல்ல கொக்கியை எப்படி அடையாளம் காண்பது? தாங்கும் அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். சேசிஸின் முக்கிய உத்திரத்தோடு போல்ட் போட்டிருக்கும், பம்பரோடு இல்லை. போல்ட் தலையில் அதன் வலிமையைச் சொல்லும் 8.8 அல்லது அதற்கு மேல் எண் இருக்கும். எண்ணே இல்லாத போல்ட் என்றால் தகரக் கேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம், கொக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் சேசிஸ் பழையது என்பதை மறக்கக்கூடாது. பெயின்ட் அடித்து, அண்டர் கோட்டிங் பூசிக் கொண்டுவந்தால் வெளியே எதுவும் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடத்தில் சத்தம் மட்டுப்பட்டு 'தப்' என்று வரும்; அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் சில வண்டிகளில் உள்ளேயே இறங்கிவிடும். ஷேக்கிள் மாட்டும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் போட்ட இடம், பின் ஆக்சிலுக்கு மேலே வளைகிற இடம், இந்த மூன்றையும் தட்டாமல் விடக்கூடாது.

இழுக்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்காவது தள்ளி நிற்கச் சொல்வது பொதுவான வழக்கம். உங்கள் பயணங்களில் எல்லோரும் கயிற்றுக்குப் பக்கவாட்டில் போனோடு நிற்கிறார்கள். கயிறு அறுந்தால் பறக்காமல் அழுத்தும் டேம்பர் விரிப்பைக் கயிற்றின் மேல் போடுகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம். ஒரு பழைய கம்பளியோ கொஞ்சம் மண் போட்ட சாக்கோ இருந்தால்கூடப் போதும். இழுவைக்கு இரும்புச் சங்கிலி கொண்டுவருகிறவரைத் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்துங்கள். அது நீளாது, அதிர்ச்சி முழுவதும் கொக்கிக்கும் சேசிஸுக்கும் போகும்.

விஞ்ச் பற்றிச் சுருக்கமாக. முழுச் சுமையில் ஒரு எலெக்ட்ரிக் விஞ்ச் 400 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் 40, 60 ஆம்பியர் கொடுத்தால் பெரிய விஷயம். மிச்சம் பேட்டரியிலிருந்து போகிறது. விஞ்ச் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது, கேபிள் எவ்வளவு தடிமன் என்றும் கேளுங்கள். ஒரு வேடிக்கை: விஞ்சுக்குப் பெயர்போன வார்ன் கம்பெனியை ஆர்தர் வார்ன் 1948-ல் ஆரம்பித்தபோது செய்தது விஞ்ச் இல்லை, போர் முடிந்து வெளியே வந்த ஜீப்புகளுக்கு, முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் திருப்பும் ஹப். அதே ஃப்ரீ வீல் ஹப்பைத்தான் இன்றைக்குப் பழைய வண்டிக்காரர்கள் பலர் வருஷக்கணக்காகத் திருப்பியே பார்ப்பதில்லை. உள்ளே கிரீஸ் கட்டியாகி இறுகிப்போயிருக்கும். கியர் லீவர் 4எல்-ல், அதாவது ஃபோர் வீல் லோ ரேஞ்சில், இருக்கும், முன் சக்கரம் சும்மா உருண்டுகொண்டிருக்கும், ஆள் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாதையைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

ஸ்னார்கலைக் கட்டாயமாக்கியது எனக்குப் புரியவே இல்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும், உண்மைதான். ஆனால் முழங்கால் அளவு ஓடையைக் கடக்கும் பயணத்துக்கு ஏன்? அந்த ஆழத்தில் கெடுவது டிஃபரன்ஷியல்தான். ஓடி ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியவுடன் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பாலைக் கலக்கிய மாதிரி ஆகிவிடும். பேரிங் சத்தம் போடும்போதுதான் பலருக்குத் தெரியவரும். இரண்டு மூன்று மீட்டர் ரப்பர் டியூப்பைப் பிரீதரில் மாட்டி எஞ்சின் பக்கம் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டினால் தீர்ந்தது. ஸ்னார்கல் விலையில் இருபது வண்டிக்கு இதைச் செய்யலாம். செய்தது வெளியே தெரியாது, அதுதான் இதிலிருக்கும் ஒரே குறை.

டயர் அளவை அளக்கும் நேரத்தில் பாதியைக் காற்றை அளக்கச் செலவிடுங்கள். 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 18, 20-க்கு இறக்கினால் டயர் தரையைத் தொடும் பகுதி முன்னும் பின்னுமாக நீளும், கல்லின் மேல் படிந்து பிடிக்கும், ஆளுக்கும் குலுக்கல் குறையும். 31 இன்ச் டயரில் காற்றை இறக்கியவர் ஏறும் மேட்டில் 33 இன்ச்சில் முழுக் காற்றோடு வந்தவர் சறுக்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்று குறைந்த டயரில் வேகம் கூடாது, திடீர்த் திருப்பம் கூடாது. ரோட்டுக்கு வருமுன் திரும்ப ஏற்றியாக வேண்டும். ஆகவே பட்டியலில் கேட்க வேண்டியது கேஜும் கம்ப்ரசரும். சறுக்காத சக்கரம் பாதையையும் கெடுக்காது. மழை பெய்து ஊறிய பாதையில், தேதி குறித்தாயிற்று என்பதற்காகவே பயணத்தை நடத்தி, ஒவ்வொரு குட்டையையும் சுற்றிப் புதுத் தடம் போட்டு, அடுத்த வருஷம் அங்கே கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். டயர் அளவை எண்ணாகக் கேட்டால் ஆம், இல்லை என்று முடிந்துவிடும்; சர்ச்சை இல்லை. சின்ன டயர் வண்டி மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிற எல்லோருக்கும் தாமதம். இது உண்மை. கடினமான பாதைக்கு 33 வேண்டும் என்றால் அந்தப் பாதைக்கு மட்டும் கேளுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். எல்லாப் பாதைக்கும் அதையே கேட்கும்போது என்ன நடக்கிறது என்றால், புதிதாக ஒரு பழைய வண்டி வாங்கிய ஆள் கையில் இருக்கும் பணத்தை முதலில் டயரிலும் லிஃப்ட்டிலும் போடுகிறார். பிரேக்குக்கும் புஷ்ஷுக்கும் சேசிஸுக்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. "அதை அடுத்து பார்த்துக்கலாம்" என்று அதே நிலையில் உங்கள் மலைப்பாதைக்கு வந்துவிடுகிறார். அவருடைய செலவின் வரிசையை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள்.

எனவே அடுத்த பயணத்துக்கான பட்டியலைத் திருத்தி எழுதுங்கள். முதல் வரி இழுவைக் கொக்கியாக இருக்கட்டும்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேசிஸில். அடுத்து பிரேக், சக்கரம் முழுசாகத் தொங்கும்போதும் ஹோஸில் தொய்வு இருக்க வேண்டும், அதை ஜாக்கியில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஸ்டியரிங் பிளே, சேசிஸ் துரு, ஹப், பிரீதர், காற்றுக் கருவி. இதற்கெல்லாம் பிறகு, அந்தப் பாதைக்குத் தேவையான டயர் அளவு. ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம் ஆகும். இருபது வண்டி வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல், தெரியும். முந்தின நாள் மாலையே பாதி வண்டிகளைப் பார்த்துவிடலாம், இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

அந்த இரண்டு பேரில் ஒருவனாக வர நான் தயார். தரையில் விரிக்கத் தார்ப்பாய், டார்ச், சுத்தியல் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். திருப்பி அனுப்பப்பட்ட அந்த 31 இன்ச் பிக்கப்காரரிடமும் பேசிவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்டி ஓட்டுகிறவன் ஒருவன்